ஒரு சொட்டு டீசல்

மார்ச் 12, வியாழன்.

கணேசன் அண்ணனோட டீசல் ஃபோர்வீல் வண்டியைப் பன்னிரண்டு வருஷமா நான்தான் ரிப்பேர் பார்க்கிறேன். போன வாரம் அதோட டீசல் பம்ப் போச்சு. ஒரிஜினல்தான் போடணும், ஜப்பான்லேருந்து வர மூணு வாரம் ஆகும்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனார்.

இன்னிக்கு ஜாலான் புசார் கோப்பிக்கடை வாசல்ல அந்த வண்டி நிக்குது. என் எதிர் ஒர்க்‌ஷாப் சலீம் பம்பை மாத்திக் கொடுத்திருக்கான். அவன் கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகல. உள்ளே கோப்பி குடிச்சுக்கிட்டிருந்த அண்ணன்கிட்ட நேரா போனேன்.

"அண்ணே, அவன் ஒரிஜினல் போட்டிருக்க மாட்டான்"னு சொன்னேன்.

"தெரியும்லா. ஒரிஜினல்னா காத்திருக்கணும், வேற கம்பெனின்னா நாளைக்கே போடலாம், ஆனா அந்தளவு உழைக்காதுன்னு ரெண்டையும் சொன்னான். எது வேணும்னு கேட்டான். நீ ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கியா தம்பி?"

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். அக்கறையா பார்க்கிறவன் மாதிரி, பம்ப்ல பைப் மாட்டுற இடத்துக்கு அடியில விரலைவிட்டுத் தடவினேன். ஒரு சொட்டு டீசல் கசிஞ்சிருக்கக் கூடாதான்னு மனசு கிடந்து தவிச்சுது. காய்ஞ்சு கிடந்தது. சுத்தமான வேலை. என் வேலையைவிடவான்னு எழுதக் கை வரல.

குளிச்சாச்சு, சாப்பிட்டாச்சு. இப்பவும் அந்த விரலை மோந்து மோந்து பார்க்கிறேன். சோப்பு வாடைதான் வருது.