மூன்று பேரில் ஒருவன்

தையல் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. திரையில் உன் பெயர். ‘உங்கள் நண்பரின் பெட்டகத்தைத் திறக்கக் கோரிக்கை வந்துள்ளது. சம்மதமா?’ நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆகியிருந்தது. கத்தரிக்கோல் கோணலாக ஓடித் துணி பாழானது.

எவனோ திருடன் என்றுதான் முதலில் பயந்தேன். கீழே பார்த்தால், கோமதி ஏற்கெனவே சம்மதித்திருந்தாள். உன் மனைவிதான் கேட்கிறாள் என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடிவிட்டது.

அந்தச் சம்மதக் கேள்வியைத் தமிழில் எழுதியவனே நீதான். தென்காசியில் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டே அந்த ஏஐ வலைப்பின்னலுக்காக எவ்வளவு மெனக்கெட்டாய்! அது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை, எங்கெங்கோ இருக்கும் ஆட்களின் வீட்டுக் கணினிகள் சேர்ந்து பதில் சொல்லும், நாம் கேட்டதெல்லாம் நம் பெட்டகத்தில் இருக்கும், நம் சாவியில்லாமல் யாருக்கும் திறக்காது என்பாய். சாவி என்பது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். சுரண்டையில் ஓர் அம்மா, மகளுக்கு வலிப்பு வந்த நாட்களையெல்லாம் அதில் சொல்லி வைத்திருந்தார். சொற்களை எழுதிய தாள் தொலைந்துபோனது. அத்தனை குறிப்பும் பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. உன் கடை வாசலில் அவர் அழுதார். அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை.

சாவி போனாலும், நாம் நம்பி வைத்த மூன்று பேரில் இருவர் சம்மதித்தால் திறக்கலாம் என்ற வழியை, யாருக்கும் விளங்குகிற மாதிரி எழுத அதன்பிறகுதான் உட்கார்ந்தாய். ஒவ்வொரு வரியையும் என்னிடம் வாசித்துக் காட்டுவாய். “உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்லே” என்று சிரிப்பாய். உன் மூவராகக் கோமதியையும், ஆய்க்குடியிலிருக்கும் உன் அண்ணனையும், என்னையும் போட்டாய். இந்தக் கோரிக்கை வந்ததும் அண்ணனோ, “அவன் கூட்டாளியே பாத்துக்கிடட்டும்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

எனக்கு ஏன் பயம் கூடியது என்று உனக்குத் தெரியும். ஐந்தருவிக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, ஸ்கேன் முடிவை என்னிடம் மட்டும் காட்டினாய். “கோமதிட்ட சொல்லிராதலே. நானே சொல்லுதேன்.” நாலு மாதம் நீ சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, “அல்சர்தான், சரியாயிரும்” என்று பொய் சொன்னேன். பெட்டகம் திறந்தால் எல்லாம் வெளியே வரும்.

மூன்று நாள் பதில் போடவில்லை. அவள் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. நான்காம் நாள், சாரலில் நனைந்தபடி மேலகரத்துக்கு உன் வீட்டுக்கே போனேன்.

“அவுகளுக்கு எப்பலேருந்து தெரியும்னு எனக்குத் தெரியணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் திறக்கச் சொல்லுதேன்” என்றாள்.

“போறதுக்கு நாலு மாசம் முன்னாலயே அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும் தங்கச்சி.”

அடித்திருந்தால்கூடத் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கைபேசியைக் காட்டினாள். பிறகு, “அமுக்குங்க” என்றாள்.

சம்மதத்தை அமுக்கினேன்; அவள் கைபேசியில் பெட்டகம் திறந்தது. வலி, மாத்திரை, இன்னும் எத்தனை நாள் என்று அந்த ஏஐயிடம் நீ கேட்டதையெல்லாம் மனதுக்குள் வாசித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். அதை மட்டும் எனக்குக் கேட்கும்படி வாசித்தாள்: “என் கூட்டாளிட்ட மட்டும் சொல்லிருக்கேன். அவன் பயந்த ஆளு. தாங்குவானா?”

கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். “எங்கிட்ட சொல்லிருந்தா நான் தாங்கிருப்பேன்” என்றாள். வாசல்வரை வந்து, “இங்கன வரவேண்டாம்னு சொல்லலை. கொஞ்ச நாளு போகட்டும்” என்றாள்.

உன் கேள்விக்கு அந்த ஏஐ என்ன பதில் சொன்னது என்று அவள் வாசிக்கவில்லை. எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

நீ எளிதாக்கிக் கொடுத்ததை நம்பி இப்போது ஐந்து பேர் என்னைத் தங்கள் மூவரில் ஒருவனாகப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், முடியவில்லை. இதுவரை அவர்களில் யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதையும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயந்துகொண்டிருக்கிறேன்.