பரிவட்டத்துக்குப் பெரியவன்

ஏங்க, என் சாமி, கேட்குதா?

அங்கேயாவது மடைச் சண்டை இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வயலில் என் தம்பிதான் நாற்று விட்டிருக்கிறான். உங்கள் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன்.

உங்களை மண்வெட்டியால் அடித்த அரவிந்துக்கு அன்றைக்குப் பதினேழு வயது. அவனைச் சிறுவனாக விசாரிப்பதா, பெரியவனாக விசாரிப்பதா என்று, சிறுவர் வழக்கைப் பார்க்கும் குழுமத்தில் இப்போதுதான் முடிவு செய்யப் போகிறார்களாம். உடனே ஊரில் எல்லோரும் வக்கீலாகிவிட்டார்கள். நான் நூலகத்துச் சட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் டீக்கடையில் தீர்ப்பே வந்துவிட்டது.

போன ஆடியில் மாரியம்மன் கோயிலில் அவன் தலையில் பரிவட்டம் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? செத்துப்போன அப்பனுக்குப் பதிலாக மகனுக்கு முதல் மரியாதை. "மீசையே முளைக்கலியே" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவன் சித்தப்பா கலியபெருமாள் விறைத்துக்கொண்டு, "வயசு என்னங்க வயசு, அவன் ஒரு தலைக்கட்டு" என்றார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

அடுத்த மாதமே, மடையடியில், கலியபெருமாளின் அதே வாய் என்ன சொன்னது? வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "போட்றா. உனக்குப் பதினெட்டு ஆவல, ஒண்ணும் பண்ண மாட்டானுவ." மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

போலீஸ் கேட்டபோது மறுபடி பேச்சு மாறியது. "நான் எங்கங்க சொன்னேன்? பரிவட்டம் வாங்குனவன் சார் அவன். தன் புத்தியில பண்ணிட்டான்." சொந்த அண்ணன் மகனைக் கைகழுவ அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

நம் ஆட்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? தம்பி வந்து, "அக்கா, பெரியவனா விசாரிக்கணும்னு எழுதிக் குடு. ஆயுசுக்கும் உள்ள கெடக்கட்டும்" என்றான்.

"அப்ப கலியபெருமாளு?"

"அவரு பெரிய இடம்க்கா. கெடச்சவன விடக் கூடாதுல்ல."

கிடைத்தவனாம். இதற்குப் பெயர் நியாயமாம்.

யோசித்துப் பாருங்கள். உங்களுக்காக அழுதவர்களும் உங்களை அடிக்கச் சொன்னவரும் இன்றைக்கு ஒரே வார்த்தை பேசுகிறார்கள்: அவன் பெரியவன். அப்படி ஆகிவிட்டால், தானே யோசித்தான், தானே அடித்தான் என்று ஆகிவிடும். கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்தப் பையன்மேல் எனக்கு இரக்கமில்லை. அவன் முகம் நினைவுக்கு வந்தால் சாமி படத்துக்கு முன்னால்கூடப் பல்லைக் கடிக்கிறேன். அது பாவமென்றால் ஆத்தா என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். ஆனால் ஒருத்தர் பற்றுக் கணக்கை இன்னொருத்தர் பேரில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. சிறுவன் என்றே எழுதிக் கொடுத்தேன். ஏவிவிட்டவரின் பெயரையும், அவர் சொன்ன சொல்லையும் சேர்த்துத்தான். அன்றிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, வாசலோடு போய்விடுகிறான்.

இன்னொரு சேதி கேளுங்கள். இந்த ஆடிக்குப் பரிவட்டம் கலியபெருமாளுக்காம். "புள்ள ஊர்ல இல்லாத எடத்துல குடும்ப மரியாத விட்டுப் போவக் கூடாதுங்களே" என்றாராம். பெரிய மனிதர்கள் இதற்கும் தலையாட்டியாயிற்று. கழுத்து வலிக்காதா இவர்களுக்கு?

புருஷனைப் பறிகொடுத்தவள் சந்நிதியில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பார்கள். நிற்பேன். அந்தத் துணி அவர் தலைக்குப் போவதற்கு முன்னால், "மண்வெட்டி எடுத்துக் குடுத்தது இந்தக் கைதான் தாயே" என்று அவரைக் காட்டிச் சொல்வேன். அப்புறமும் கட்டுவதென்றால் கட்டட்டும். யார் தலையில் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டட்டும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒருநாளும் நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டிராத
உங்கள் வீட்டுக்காரி