இரண்டு முறை வெளியே போனவள்

மார்ச் 3, 1953. செவ்வாய்.

காலையில் தூறல். ரப்பர் பால்வெட்டு தாமதம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சல், சொறி, ஒரு பிரசவம் (ஆண், சுகம்).

பிறகு தோட்டத்துக் கேட்டில் கூச்சல். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதென்று பட்டாளம் அங்கே சோதனை போடுகிறது. கீழ் லயத்து அஞ்சலையைப் பிடித்துவிட்டார்கள். ஒரே பெண் இரண்டு முறை வெளியே போனாள் என்கிறான் சிப்பாய். வேலி வழியாக உள்ளே வந்து மறுபடி போயிருக்க வேண்டுமாம். அவள் கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். அழுகை.

மார்ச் 4. புதன்.

அஞ்சலையைத் தம்பின் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. போனால் விசாரணையே இல்லாமல் தடுப்பு முகாம்.

மொழிபெயர்க்க வெள்ளைக்கார ஆபீசர் ஆஸ்பத்திரி டிரெஸரான என்னைக் கூப்பிட்டார். தான் போனது ஒரு தடவைதான், மற்றது மேல் லயத்துப் பார்வதியாக இருக்கும் என்றாள் அஞ்சலை. பார்வதியை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். உறவில்லை. ஒருத்தி நெட்டை, மற்றவள் குட்டை. பொதுவாக இருந்தவை: தலைத்துண்டு, மூக்குத்தி, பால்வாளி, கறுப்பு நிறம். சிப்பாய் மாறி மாறிப் பார்த்தான். எவளைப் பிடித்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. விடச் சொன்னார் ஆபீசர்.

அஞ்சலை நகரவில்லை. பிடித்தபோது ஒருவன் அறைந்தானாம். கன்னத்தில் வீக்கம், நானே பார்த்தேன். ஆபீசர் நியாயக்காரர். ஆட்களை வரிசையில் நிறுத்தி, எவன், காட்டு என்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள்.

"எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்குங்க ஐயா. தப்பான ஆளக் காட்டிட்டா?"

ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். ஆபீசர் சிரித்தார். நானும் கொஞ்சம். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"தோட்டத்து ஆக்கள் எல்லாம் ஒரே மாதிரித்தானே. எங்கட சிலோன் ஆக்களைப் பாத்தாலே தெரியும்."

மீன் குழம்பில் புளி அதிகம்.

மார்ச் 6. வெள்ளி.

நல்ல வெயில். மருந்து எடுக்க மலாக்கா பஸ். புலாவ் செபாங் தாண்டியதும் ரோட்டில் மறிப்பு, எல்லாரும் இறங்கி, சீனர், தமிழர் என்று தனித்தனி வரிசையில் நிற்கவேண்டும். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, நான். எஸ்டேட் டிரெஸர், சிலோன்காரன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிப்பாய் முகத்தைப் பார்த்தான். துப்பாக்கி முனையால் தமிழர் வரிசையைக் காட்டினான்.

கடைசியில் நின்றவர் எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் மாணிக்கம். கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

"வாங்கய்யா. இங்கதான்லா நெழல் இருக்கு."

போய் நின்றேன்.