மெத்தையின் மேல் விழுந்த பழி

என் அருமைச் சில்வண்டுக்கு,

பதினொரு மாடிக் கட்டடத்தின் நான்கு லிஃப்டுகளுக்கும் ஏக சக்கரவர்த்தியும், அவற்றுக்கு எண்ணெய் போடும் ஒரே ஊழியனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தியும் பால்கனிச் செடிகளும், அந்தச் செடிகளை நாசம் செய்யும் பக்கத்து வீட்டுப் பூனையும் சௌக்கியம். அங்கே நீயும் உன் புதுத் தலைமுடியும் சௌக்கியமா என்று தெரிவிக்கவும். போன வாரம் ஃபோனில் பார்த்தபோது நீ முடி வெட்டிக்கொண்டாயா, எலி ஏதும் கடித்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. சித்தி அழகாக இருக்கிறது என்கிறாள், அவள் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். அதுவும் அவள் உத்தரவுதான். "ஃபோன்ல சொன்னா சிரிச்சுச் சிரிச்சே மழுப்பிடுவீங்க, பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, இப்போது என் எதிரில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். பார்வை மட்டும் துணியில் இல்லை.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். சித்தியின் முதுகு பிடித்துக்கொண்டதும், பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் பஸ்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதும் தெரியும். மாதக் கடைசியில் ஒரு உடல்தகுதிச் சோதனை, அதில் தேறினால் பஸ், தேறாவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுத வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்த மஞ்சள் ராட்சசனை ஒற்றைக் கையால் வளைத்துத் திருப்பியவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பேனாவைக் கொடுத்தால் அது சிங்கத்துக்கு ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்த மாதிரி. அதைவிட எனக்குத் தாங்காமல் போனது நீ அழுதது. பள்ளிக்கூடம் சேர எங்களிடம் வந்து எங்கள் பிள்ளையாகவே ஆகிவிட்ட நீ, முதல் சம்பளத்தில் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது அந்த மெத்தை. அது நடுவில் குழி விழுந்து, "நான் வாங்கிக் குடுத்த மெத்தைதான் சித்தி முதுக ஒடிச்சிடுச்சு" என்று நீ அங்கே மூக்கை உறிஞ்ச, இங்கே அவள் ஃபோனை வைத்துவிட்டு, "பாப்பா மெத்தைய யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது" என்று என்னை முறைத்தாள். நான் எங்கே சொன்னேன்! ஆனாலும் தினம் காலையில் அவள் அந்தக் குழியிலிருந்து எழுந்து வருவதற்குக் கிரேன் வைக்க வேண்டியிருந்தது. நான் தொண்ணூற்றெட்டுக் கிலோ. இந்த உருவத்தைப் போய்ச் சிறிய அப்பா என்று கூப்பிடுகிறது நம்முடைய மொழி. நான் ஒரு பக்கம் திரும்பினால் அவள் மலைச்சரிவில் உருண்டு வருகிற பூசணிக்காய் மாதிரி என் மேல் வந்து மோதுவாள். கடைசியில் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் தரையில் படுக்கப் போய்விட்டாள். தரை இன்னும் மோசம், விடிந்ததும் இடுப்பு கதவுக் கீல் மாதிரி முனகியது. ஆகவே புது மெத்தை வாங்குவது என்று அரசவையில் தீர்மானம் ஆயிற்று. அரசவை என்றால் அவள்தான், நான் கைதட்டினேன்.

மெத்தைக் கடை என்றால் நான் ஏதோ நாலு மெத்தை சாத்தி வைத்திருப்பான் என்று நினைத்தேன். உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் மெத்தை, ஒரு தேசத்தையே தூங்க வைக்கலாம். கடைக்காரர் ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு நாடா. எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் வியாபாரி இல்லை, மெத்தைப் பேராசிரியர். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "கையா ராத்திரி படுக்கப் போகுது? முதுகு, தோள், இடுப்பு இதெல்லாம் படுக்கணும், பத்து நிமிஷமாவது படுங்க" என்றார். மல்லாக்கப் படுத்து, இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைக்க வேண்டுமாம். கை சும்மா ஓடிப் போனால் மெத்தை கெட்டி, நுழையவே மாட்டேன் என்றால் ரொம்ப மெத்து, கொஞ்சம் கெஞ்சிக் கேட்டு நுழைந்தால் அதுதான் சரி. ஒருக்களித்துப் படுத்தால் முதுகுத்தண்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டுமாம். இரண்டு பேர் படுப்பதானால் இரண்டு பேருமே படுத்துப் பார்க்க வேண்டும், ஒருத்தர் புரண்டால் மற்றவருக்குத் தெரியக்கூடாது. முதலில் ஒரு ஸ்பிரிங் மெத்தை. நான் புரண்டேன், உன் சித்தி கூரைக்குப் போய்த் திரும்பி வந்தாள். அடுத்தது ஒரு ஃபோம், அதில் நான் படுத்த இடத்தில் என்னைக் காணோம், இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். மூன்றாவது நார் மெத்தை, அதைவிட நம் மொட்டைமாடி மெத்து. நான்காவது ரப்பர் மெத்தை. சித்தி வெட்கப்பட்டுக்கொண்டே, கைப்பையை வயிற்றின் மேல் வைத்து, பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி படுத்தாள். பேராசிரியர் ரப்பர் மரத்தின் பெருமையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் சித்தி குறட்டை!

முப்பத்தைந்து நிமிடம், சில்வண்டு! நடுப்பகலில், நடுக்கடையில். பேராசிரியர் ஓடிப்போய் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வந்தவர்களெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, "இந்தம்மா தூங்கறதப் பாத்தாலே போதும், எங்களுக்கும் அதுவே குடுங்க" என்று பில் போட்டு வாங்கிக்கொண்டு போனது. விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்டாப் வந்திருக்கு?" அந்த மெத்தையைத்தான் வாங்கினோம் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மெத்தை வந்தது, கட்டிலில் ஏறியது. உன் பழைய மெத்தையைக் குப்பைக்காரர் கேட்டார், அவள் கொடுக்கவில்லை, ஹால் சுவரோடு நிமிர்த்திச் சாத்திவிட்டாள். முதல் இரவு சொர்க்கம். இரண்டாம் இரவு சுமார். நான்காம் நாள் காலை நான் கண்ணைத் திறந்தால் பூசணிக்காய் என் மேல்! அதே இடம், அதே குழி. சோதனைக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. உன் சித்தி தினமும் காலை ஆறேகாலுக்கு ஜன்னலண்டை போய் நின்றுகொள்வாள். அவளுக்குப் பதிலாக ஓட்டுகிற பிரேக் மகாராஜா, பஸ்ஸை நிறுத்துகிற சத்தம் தெருமுனையில் கேட்கும். "பாவம், சின்னதுங்க முன்சீட்ல போய் இடிச்சுக்கும்" என்பாள். பிறகு சீருடையை அலமாரியின் உள்பக்கக் கொக்கியில், கண்ணில் படாத இடத்தில் மாட்டிவிட்டாள். அதைப் பார்த்த அன்றைக்கு நான் லிஃப்டில் ஏறி ஏழாவது மாடிக்குப் பதில் பத்துக்குப் போய்விட்டேன்.

நேரே கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன், அதில் பாதியைச் சொல்லியிருந்தாலே கடை இடிந்து விழுந்திருக்கும். பேராசிரியர் கோபப்படவில்லை. "கடையில அம்மா அவ்வளவு நேரம் தூங்கினாங்களே சார், மெத்தை அதேதான், மாறினது வேற ஏதோ" என்று சொல்லி என்னோடு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மெத்தையைத் தொடக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸ்களை இழுத்துப் போட்டார், ஃபோன் விளக்கை அடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார், அங்கிருந்து கிணற்றுக் குரலில் கேட்டார்: "சார், ஏழு குறுக்குப் பலகை இருக்க வேண்டிய கட்டில், அஞ்சுதான் இருக்கு. நடுவுல ரெண்டு எங்க சார்?"

அந்த நேரம் பார்த்து, சில்வண்டு, பால்கனியில் என் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ரேடியோ எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பது உனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு சிம்மாசனம் அடித்தேன். நல்ல வழவழப்பான பலகை, சரியான நீளம், எங்கே கிடைத்தது என்று சித்தி கேட்டதற்கு, "வேலை செய்யற இடத்துல தூக்கிப் போட்டாங்க" என்று ஒரு சின்னப் பொய் சொன்னேன். ஏழில் இரண்டு போனால் மெத்தைக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன், அப்புறம் சத்தியமாக மறந்தே போனேன். சித்தி என்னைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் முழித்த முழியைப் பூனைகூடப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. "தெனம் லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள எறங்கி எல்லாம் தாங்குதான்னு பாத்துக் கையெழுத்துப் போடற மனுஷன்தானே நீங்க?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் தலைகுனிந்து நின்றது அன்றைக்குத்தான் நிஜமாக.

அன்று சாயங்காலமே தச்சர் வந்து இரண்டு புதுப் பலகை போட்டு, நடுவில் ஒரு முட்டுக்கட்டையும் வைத்தார். பேராசிரியர் போகிற போக்கில் உன் மெத்தையைத் தரையில் கிடத்தி, குறுக்கே அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார். பள்ளம் அரை விரற்கடைகூட இல்லை. "இது நல்ல மெத்தைங்க, கீழ பலகை இல்லாம அது என்ன பண்ணும்?" என்றார். தான் விற்ற சரக்குக்கே எதிர்சாட்சி சொன்ன அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு. உன் மெத்தை கட்டிலுக்குத் திரும்பியது. ஆகவே சகலரும் அறிவது என்னவென்றால், நீ வாங்கிக் கொடுத்த மெத்தையின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, சித்தியின் முதுகுக்கு முழுக்காரணம் நான், நான், நானே. இனிமேல் இதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் அந்தச் சொட்டு என்னைச் சேர்ந்தது, திருப்பி அனுப்பிவிடு.

சோதனை போன செவ்வாய்க்கிழமை. நான் வேலிக்கு வெளியே நின்று பத்து நகத்தையும் தின்று முடித்து, பக்கத்தில் நின்றவருடைய நகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். பஸ் படியில் முப்பது தடவை ஏறி இறங்கினாள், பின் கதவுக் கம்பியைத் தூக்கினாள், நாற்பது நிமிடம் மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்து இறங்கினாள். டாக்டர் ஏதோ எழுதினார். அவள் மெதுவாக என்னிடம் நடந்து வந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிட்டே வந்து, "நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு அலாரம் வைங்க" என்றாள். அந்த வேலிக் கம்பி மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் தொண்ணூற்றெட்டுக் கிலோவும் அங்கேயே குதித்திருக்கும்.

புது மெத்தை உன் அறைக் கட்டிலில் போட்டிருக்கிறது. அந்தக் கட்டிலின் பலகைகளை நான் எண்ணினேன், என் மேல் நம்பிக்கை இல்லாமல் அவள் மறுபடி எண்ணினாள், ஏழும் இருக்கின்றன. விடுமுறைக்கு வந்து படுத்துப் பார். அங்கே நீ வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டிலுக்கு அடியிலும் இன்றைக்கே குனிந்து பார்த்துவிடு, முன்பு குடியிருந்தவருக்கு ரேடியோ இருந்ததோ என்னவோ. மெலிந்துவிட்டாய், வேளாவேளைக்குச் சாப்பிடு. விடிய விடிய ஃபோனை நோண்டாதே. நீ நீண்ட ஆயுளும், நிறைந்த மனமும், நிமிர்ந்த முதுகுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
இரண்டு பலகையைக் களவாடி ஒரு மெத்தையைக் குற்றவாளியாக்கிய
உன் சித்தப்பா

பாப்பா, சித்தி எழுதறேன். படிச்சுப் பாத்தேன், இதுல முக்கால்வாசி புளுகு, நான் குறட்டையே விடல. பலகை விஷயம் மட்டும் நிஜம். உன் மெத்தையிலதான் படுக்கறேன். நேத்து படுத்தது தெரியும், அலாரம் அடிச்சது தெரியும், நடுவுல ஒண்ணும் தெரியாது.