லாரியின் மூன்றாவது படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். நான் சாப்பிடுகிறேன், பட்டறைக்குப் போகிறேன், வருகிறேன், இதற்குப் பெயர் சௌக்கியம் என்றால் நானும் சௌக்கியம்தான். உன் அம்மா போன பிறகு வீட்டில் குழாய் சொட்டுவதுகூடப் பெரிதாகக் கேட்கிறது, அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று வாஷர் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

அந்தப் பழைய பட்டாளத்து லாரியை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று போனில் அழுதாய், நானும் சரி என்றேன், இன்று காலை வாங்குகிறவர் வந்தார். பழைய ராணுவ வண்டிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற மனிதர். என்ஜினை ஓடவிட்டுக் கேட்டார், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், வாயாரப் பாராட்டினார். பக்கத்து சீட்டுக் கதவுக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. இந்தப் படியெல்லாம் பட்டாளத்துல கிடையாதே, கழட்டிட்டு ஓட்டைய அடைச்சுக் குடுங்க என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா, பழைய வண்டியில் புதிதாக ஓட்டை போடுகிறவன் கையை உடைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் கத்தினவன் நானேதானே.

அந்த ஓட்டைகள் உன் அம்மாவுக்காகப் போட்டவை. இவ்ளோ உயரம் ஏறுறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருக்கும் என்று கேலி செய்தாள், அதனால் ஒரு படி வைத்தேன். சாயங்காலமானால் ஏறி உட்கார்ந்து தெருவையே வாங்கிவிட்டவள் போல வருவாள். வியாதி முற்றிக் கால் எழும்பவில்லை, கீழே இன்னொரு படி வைத்தேன். அதுவும் எட்டாமல் போனது, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் மூன்றாவதை வைத்தேன். நோய் முன்னால் ஓடியது, நான் ஸ்பானரோடு பின்னால் ஓடினேன். வாடி, ஏறிப் பாரு என்று கூப்பிட்டேன். பெயிண்ட் நல்லா காயட்டுங்க, நாளைக்கு ஏறுறேன் என்றாள். நானும் ஒரு மடையன், அதை நம்பி, ஒரு பூச்சே போதும் என்கிற இடத்தில் இரண்டாவது பூச்சும் அடித்தேன். அது காய்வதற்குள் போய்விட்டாள். தூக்கி உட்கார வைத்திருக்கலாம் பாப்பா, காகிதம் மாதிரிதானே இருந்தாள், எனக்குத் தோன்றவே இல்லையே.

இன்று ஸ்பானரை எடுத்தேன். முதல் இரண்டு படிகளும் கழன்று வந்தன, அவள் செருப்பு தேய்த்துத் தேய்த்து இரண்டிலும் பச்சை பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. மூன்றாவதில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார். கழற்றியவற்றைத் திரும்ப மாட்டிவிட்டேன். வண்டியை விற்கவில்லை, நான் வரவும் இல்லை கண்ணு. கோபம் வரும், சண்டை போடவாவது போன் பண்ணு.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே, உனக்கு வேண்டியவர்கள் யாராவது நாளைக்கு என்று சொன்னால் கேட்காதே, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடு.

ஆசிகளுடன்,
உன் அப்பா