மேக்கப் அக்காவை மாற்றப் போகிறேன்

அப்பா,

ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். பத்து மணிக்கு மணவறைக்காரர் முற்றத்தை அளக்க வருவார். பிளாஸ்டிக் மயில் இலவசம் என்பார், வேண்டாம் என்றுவிடுங்கள்.

நேற்று மேக்கப் ஒத்திகை முடிந்து, நீங்கள் பாராட்டுவீர்கள் என்று பேசாமல் வாசலில் நின்றேன். "வாங்க டீச்சர், ஒக்காருங்க, மக டவுனுக்குப் போயிருக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டீர்கள். அதற்கு நான் கத்தியது தப்புதான். பஸ்ஸிலேயே பக்கத்து லயத்து வீட்டு மாமியும் யாரோ என்று நினைத்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

இன்று வேறு அக்காவைப் பார்க்கப் பதுளைக்குப் போகிறேன். கல்யாணத்தன்று கையைப் பிடித்துக் கொடுக்கும்போது, கொடுப்பது என்னைத்தான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

சுகந்தி

பி.கு.: இவரும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதுபோல் அடித்து அனுப்பினால், வாசலில் நின்று முதலில் "அப்பா" என்று கூப்பிடுகிறேன். குரலுக்கு மேக்கப் போட இன்னும் ஆள் வரவில்லை.