செதில் திரும்பிய கடல்கன்னி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் நலமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்ப ஆசை. அண்ணன் பகல் வேலைக்கு மாறிவிட்டான், வீட்டில் நாலு வார்த்தை பேசுகிறான். எனக்குத்தான் மூன்று நாளாக இருப்புக்கொள்ளவில்லை. கத்தியைக் கையில் எடுத்தாலும் உன் கடல்கன்னி, கீழே வைத்தாலும் உன் கடல்கன்னி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் போனில் அனுப்பி, உங்கள் கம்பெனி செய்கிற வீடியோ விளையாட்டில் வரப்போகிற பிராணி, நீயே தனியாக வரைந்த முதல் பிராணி, வெள்ளிக்கிழமை மேலே இருப்பவர்கள் பார்த்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள், எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய். நானும் ரொம்ப நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். பார்த்தவுடனே கண்ணில் பட்டுவிட்டது, செதிலெல்லாம் தலைகீழாக இருக்கிறது. மீனுக்குச் செதிலின் நுனி வாலைப் பார்த்துத்தான் படிந்திருக்கும், அதனால்தான் நாங்கள் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுகிறோம். உன் கன்னிக்கு நுனியெல்லாம் இடுப்பைப் பார்த்து நிற்கிறது, அவள் ஒரு முழம் நீந்தினால் தண்ணீரே அவளை உரித்துவிடும். வெளையாட்டுல வர்ற மீனோட செதிலை யாரு தடவிப் பாக்கப் போறாங்க, சும்மா இரு என்கிறார் அப்பா. இருபத்திரண்டு வருஷம் சந்தையில் மீன் வெட்டியவள் எப்படிச் சும்மா இருப்பது?

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். ஏழாம் வகுப்பில் நீ வரைந்த குதிரையைப் பார்த்து, இதென்னடி நாற்காலிக்கு வால் முளைச்சிருக்கு என்று எல்லார் முன்னாலும் சிரித்தேனே, அதற்குப் பிறகு பதினாலு வருஷம் எனக்கு ஒரு படம்கூட நீ காட்டவில்லை. இப்போதுதான் காட்டினாய். குறை சொன்னால் மறுபடியும் மூடி வைத்துக்கொள்வாயோ என்று பயந்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், நான் பல்டி அடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், அண்ணன் இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவான்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். முகம் அழகா பயமா என்று தெரியாமல் இழுக்கிறது, அது நல்லதுதான். செவுளை விலாவில் வைத்து ரத்தச் சிவப்பு கொடுத்திருக்கிறாய், அப்படிச் செவுள் இருந்தால் சந்தையில் பேரமே பேசமாட்டார்கள். கண்தான் வெள்ளை பூத்திருக்கிறது, அது கெட்டுப்போன மீனின் கண், கறுப்பைக் கூட்டு. கையைப் பார்க்கத்தான் இவ்வளவு நாளாயிற்று. நேற்று அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இடது சுட்டுவிரல் நுனி வளைந்திருக்கிறது, கட்டைவிரலுக்கு அடியில் குறுக்கே ஒரு வெட்டுத்தழும்பு. என் கையைப் போன் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டினேன், மனுஷர் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார், அதே விரல், அதே தழும்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றும் காட்டாமல் இருந்த அத்தனை வருஷமும் நீ என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

நீ எடுத்ததெல்லாம் ஜெயமாகட்டும் கண்ணு, உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வெள்ளிக்கிழமைக்குள் செதிலைத் திருப்பிவிடு. அந்தக் கையை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதே.

இப்படிக்கு,
பொய் சொன்னதற்கு வருந்தும் உன் அம்மா